மாலை போட்ட படம்

ஜெர்மனியில் ஒரு வீட்டில் தங்கிப் படிக்கப் போனான் பூமிநாதன். அவன் போய்ச் சேருமுன்பே அவனுடைய படம் அங்கே சுவரில் தொங்கியது. அதற்கு ரோஜா மாலை, கீழே மெழுகுவத்தி. இந்தியர்களை மாலை போட்டுத்தான் வரவேற்பார்கள் என்று வீட்டுக்கார ஹெல்கா அம்மாள் எங்கோ படித்திருந்தார். தினமும் பூவை மாற்றிவிட்டு, "பிடிச்சிருக்கா?" என்பார். "ரொம்ப" என்பான். அது செத்தவர்களுக்குப் போடுவது என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று வாரத்தில் நாலு கிலோ இறங்கிவிட்டான்.

ஊரில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம். அதனால் வீடியோவில் பேச, வாத்துகள் நீந்தும் பூங்காவுக்கு ஓடிவிடுவான்.

"ஏலே, எத்தன நாளைக்கு வாத்தையே காட்டுவ? நாளைக்கு வீட்டக் காட்டணும், ஆமா."

மறுநாள் போன் அடித்தது. மெழுகுவத்தியை ஊதி அணைத்து, மாலையைக் கழற்றினான். ஹெல்கா அம்மாளின் காலடி கேட்டது. மனம் நொந்துபோவாரே என்று பதறி, மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு போனை எடுத்தான். அந்த அம்மாளின் கல்லூரியில் படிக்கும் மகள் லேனா ஓடிவந்து, அவனை ஒட்டி நின்று கைகூப்பினாள்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பினாள்.

"ஏங்க, இங்க ஓடியாங்க. ஒங்க மவன் மாலையும் கழுத்துமா நிக்கான்."