பாக்காவ்காட்டு முனி

இருளப்பன் கோடாலியைச் சேற்றில் போட்டுவிட்டுக் கைகூப்பி நின்றான்.

எதிரே ஒரு பாக்காவ் மரம், சேற்றில் வேர்விட்டு நிற்கும் அலையாத்தி. யான் என்ற அந்த ஊரின் கடற்கரைச் சதுப்பு முழுக்க அதே மரம்தான். ஆனால் இதன் வேரடியில் கல் நட்டு, விபூதி பூசி, சிவப்புத் துணி கட்டியிருந்தது. பக்கத்தில் துருப்பிடித்த ரப்பர் பால்வெட்டுக் கத்தி ஒன்று அரிவாள் மாதிரி குத்தி நின்றது.

பின்னால் வந்த பன்னிரண்டு பேரும் இடுப்பில் உடுத்தியிருந்த கோணிச் சாக்கை இழுத்துக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள்.

முழங்கால் சேற்றில் நண்டுக் கூடையோடு நின்ற செல்லாயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புருஷனே முதல் ஆளாக விழுந்துவிட்டான்! அந்த முனிக்கு வயது இரண்டே நாள். பெற்றவள் அவள்.

வேறென்ன செய்வாள்? சப்பான்காரன் வந்ததிலிருந்து தோட்டத்தில் பால்வெட்டு இல்லை. அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காயிற்று. மரவள்ளிக்கிழங்கையே தின்று தின்று மகள் குணவதி கால் வீங்கிப் படுக்கையில் விழுந்தாள். இந்த வேர்களுக்குள் கையை விட்டுப் பிடித்த நண்டும் இறாலும்தான் அவளை எழுப்பி உட்கார வைத்தன.

பெட்ரோல் கிடைக்காமல், லாரி ஓட்டக் கரி வேண்டுமென்று சப்பான்காரன் பாக்காவ் மரங்களை வெட்டச் சொன்னான். வடக்குப் பக்கத்தை மொட்டையடித்தாயிற்று. போன வாரம் அங்கே போய்ப் பார்த்தாள். ஒரு நண்டு வளை இல்லை. மீன்குஞ்சு ஒதுங்க ஒரு வேர் இல்லை. தடுக்க ஆளில்லாத கடல் நேரே ஏறிவந்து மலாய்க்காரர்களின் நெல்வயலில் உப்பைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது.

இங்கேயும் கோடாலி விழுந்தால் குணவதி மறுபடி படுத்துவிடுவாள். அப்புறம் எழமாட்டாள்.

நண்டுக்காகக் கேட்டால் எவன் காது கொடுப்பான்? சாமி என்றால் கதை வேறு. தோட்டத்தில் நட்ட கல்லைப் பிடுங்க இதுவரை ஒருவனுக்கும் தைரியம் வந்ததில்லை.

இருளப்பனிடம்கூட மூச்சு விடவில்லை. அவன் வாயில் எதுவும் தங்காது.

கங்காணி பரஞ்சோதி வந்தார். கல்லைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். அவர் பின்னாலேயே சப்பான்காரன் வந்தான். அவனுக்கு முனியும் தெரியாது, கினியும் தெரியாது. இருளப்பன் கன்னத்தில் ஓர் அறை விட்டுக் கோடாலியைக் காட்டினான். இருளப்பன் குனியவில்லை. இன்னோர் அறை விழுந்தது.

செல்லாயியின் சிரிப்பு செத்தது.

சப்பான்காரன் கத்தினான். பதின்மூன்று பேரையும் தண்டித்தால் அவனுக்கு மரம் வெட்ட ஆளில்லை. முன்னால் நிற்கிற ஒருவன் போதும்.

"மத்தவங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் போயி வெட்டணுமாம். நீ கோடாலிய எடு, இல்ல சயாமுக்கு ரயில் ரோடு போடப் போங்கறான். எடுத்துர்றா இருளப்பா, சாமி மன்னிச்சுக்கும்லா" என்றார் கங்காணி.

சயாமுக்குப் போனவர்களில் இந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தவன் ஒருவன்கூட இல்லை.

செல்லாயி கூடையை வீசிவிட்டு ஓடினாள். சேறு காலைப் பிடித்து இழுத்தது. "சாமி இல்லீங்க! நான்தான் நட்டேன்! வெறுங்கல்லுங்க!"

ஒருவரும் நம்பவில்லை. தாலிக்காகப் பொய் சொல்கிறாள் என்று பரிதாபமாகப் பார்த்தார்கள். சாமிக் குற்றம் அவளைத் தொடாமலிருக்க ஒருவன் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

இருளப்பன் மரத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு கரைமேல் நின்ற லாரியை நோக்கி நடந்தான்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தவளிடம் காதோரம் குனிந்தான்.

"கத்தாத புள்ள. அந்தத் துணிய அவுத்து வேற ஏதாச்சும் கட்டு. லயத்து வீடுகள்ல வேற யாருகிட்ட செவப்பு இருக்கு? உன் கூறைப்பொடவன்னு எல்லாருக்கும் தெரிஞ்சா, நாளைக்கே மரத்த வெட்டிருவானுங்க."

கோடாலியைப் போட்டபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வாயில் எதுவும் தங்காத பாவி, இதை மட்டும் அடக்கிக்கொண்டு இரண்டு அறை வாங்கியிருக்கிறான்.

லாரி பாக்காவ்க் கரியின் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது.

கவிழ்ந்த கூடையிலிருந்து நண்டுகள் வேர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. செல்லாயி ஓவென்று அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூடைக்குள் போட்டாள்.