பல்லி ஆடிய ஆட்டம்

கட்டிலில் யாரோ மறந்துவிட்டுப் போன செல்போன் திரையில் விளையாட்டு வண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. சுவரிலிருந்து இறங்கிய பல்லி ஒரு வண்டை நாக்கால் தொட்டது. வண்டு டப்பென்று வெடித்து, பத்துப் புள்ளி ஏறியது. அவ்வளவுதான், பல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அதன் வயிறு ஒட்டிப்போனது.

அப்போது கொழுத்த ஈ ஒன்று தவறிப்போய்ப் பல்லியின் வாய்க்கு நேராக வந்து இறங்கியது. உயிர் போச்சு என்று நடுங்கியது. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை.

"அண்ணே, நான் நிஜ ஈ," என்றது மனத்தாங்கலோடு.

"தள்ளிப் போ, மறைக்குது."

"பசிக்கலையா அண்ணே?"

"பசி உயிரை எடுக்குது. உன்னைத் தின்னா எத்தனை புள்ளி?"

"புள்ளியெல்லாம் வராது. வயிறு நிறையும்."

"அவ்வளவுதானா?" என்று சலித்துக்கொண்டு பல்லி அடுத்த வண்டை நோக்கி நாக்கை நீட்டியது.