ஒரு பிடி வண்டல்

வாடிய குடைமிளகாய்ச் செடியின் தண்டைச் சீவி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பிடித்தான் விஜயராஜ்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெட்டுவாயிலிருந்து பால் போல வெள்ளையாக ஒரு நூல் கீழே இறங்கியது.

வாடல் நோய். மண்ணில் குடியிருக்கும் கிருமி. மருந்து கிடையாது, செடியை அது வளரும் பையோடு தூக்கி எரிக்க வேண்டும். பரவினால் பிளாஸ்டிக் கூரை போட்ட இந்தப் பாலிஹவுஸே காலி.

ஆனால் இங்கே மண்ணே கிடையாதே. பைகளில் இருப்பதெல்லாம் கழுவிய தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும்தான்.

குடைமிளகாயின் முதல் அறுப்பை வியாழக்கிழமை ஒரு கப்பலின் சமையற்கட்டுக்குத் தருவதாக, துறைமுகத்துக்குக் காய்கறி ஏற்றும் ஆன்டனியிடம் சொல்லியிருந்தான். மனைவி பிரேமா தொடங்கிய வேலை. அவள் காய்ச்சலில் போன பிறகு அவனுக்கென்று மிச்சமிருப்பதும் அதுதான்.

வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் மாமனார் இசக்கியப்பன்.

ஆற்றுப் பாசனத்தில் நெல் போடுகிறவர். மகள் செத்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுகிறார். வந்து என்ன கிழிக்கிறார்? செடியைப் பார்ப்பார். பையைப் பார்ப்பார். ஐசியூ வாசலில் நிற்கிறவர் மாதிரி உச்சுக்கொட்டுவார்.

"எங்கூர்ல புது வயலுக்குப் பழைய வயல் மண்ணு ஒரு பிடி போடுவோம் மாப்ள. இங்கன எதைப் போட?"

போன வாரம்கூடக் கேட்டார். அதற்குப் பதில் வேறு சொல்ல வேண்டுமாம்.

வேளாண்மை படித்த பிரேமா, சின்ன வயதிலிருந்து கேட்ட இந்த ஒரு பிடி மண் பேச்சை, அப்பா மாதிரியே தொண்டையைச் செருமிப் பேசிக்காட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குக்கூட லாயக்கில்லாத ஆள்.

வாடிய பையைத் தூக்கித் தலைகீழாகக் கொட்டினான். பழுப்பு நாரோடு கறுப்பாக ஒரு கட்டி உருண்டது. அடுத்த பையிலும்.

இந்த ஊரில் இருப்பது செம்மணல். இது ஆற்று வண்டல்.

கட்டியைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"கெடுக்கதுக்குன்னே வாரம் தவறாம வாரியளோ?"

கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தார். முகர்ந்தார். பாலிஹவுஸின் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"ஆமா மாப்ள," என்றார். "நாந்தான் போட்டேன்."

மறுத்திருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும்.

இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றான். அவர் தலையாட்டினார். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, பஸ் நிறுத்தம் இருக்கும் திசையில் நடந்தார். வண்டல் ஒட்டிய கையை வேட்டியில் துடைக்கவில்லை. விரல்களை மூடிக்கொண்டார்.

ஒழிந்தது சனியன் என்று மூன்றாவது பையைக் கத்தியால் நெடுக்கக் கிழித்தான்.

நார் முழுவதும் வேர் வலை போலப் பின்னியிருந்தது. வண்டல் அந்த வலைக்கும் கீழே, பையின் அடித்தையலோடு அப்பிக் கிடந்தது. நாரைப் போடுவதற்கு முன்னால் போட்டது.

பைகளை நிரப்பியது பிரேமா. அவள் ஒருத்தி மட்டும்.

அப்போதெல்லாம் இசக்கியப்பன் மகளோடு பேசுவதே இல்லை. சாதி விட்டுக் கட்டியவள். இந்த வாசலை அவர் முதன்முதலாக மிதித்தது, அவள் பாடையைத் தூக்கிய அன்றைக்கு.