மகரக்கட்டு

நாகர்கோவில் ஸ்டுடியோவில் மைக்குகள் மூன்று, பாடும் குரல்கள் நான்கு. ஜெசிந்தாவும் கணவர் தேவதாசும் நாத்தனார் ஸ்டெல்லாவும் நின்று பாட, நான்காவது குரல் ஸ்பீக்கரிலிருந்து வரும். அது ஜெசிந்தாவின் மகன் ரூபனுடையது. ஒன்பது வயதில் குளத்தில் மூழ்கிப் போன பிள்ளை. அவன் பாடிய பழைய பதிவுகளிலிருந்து கணினி உருவாக்கிய அந்தக் குரல், பெற்றவள் கேட்டுக்கொண்டபடி, வருடத்துக்கு வருடம் வளர்ந்துகொண்டிருந்தது.

வாத்தியம் எதுவும் இல்லாமல், குரல்களை மட்டுமே அடுக்கிப் பழைய நடவுப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். மேல்ஸ்தாயி எப்போதும் ரூபனுக்குத்தான். மூன்றாம் அடியில் அவன் குரல் ஏறியது, கரகரத்தது, பிசிறி உடைந்தது.

"மெஷின் கோளாறா?" என்றாள் ஸ்டெல்லா.

ஒலிப்பதிவாளர் செல்வின் திரையைப் பார்த்தான். "கோளாறு இல்லக்கா. ரூபனுக்கு இப்பம் பதினாலு ஆவுது. மகரக்கட்டு, கொரல் உடையுற வயசு. வேணும்னா பழைய கொரல்லயே நிறுத்தி வச்சிரலாம். எப்பவும் சின்னப் பிள்ளையாவே பாடுவான்."

தேவதாஸ் ஆவலோடு மனைவியைப் பார்த்தார். அந்தப் பிஞ்சுக் குரலுக்காகத்தான் அவர் ஒவ்வொரு வருடமும் இங்கே வந்து நிற்கிறார்.

"வேண்டாம்" என்றாள் ஜெசிந்தா. "அவன் வளரட்டும். சுருதியக் கொறச்சு வையி தம்பி."

சுருதியைக் குறைத்துப் பாடியும் குரல் அதே இடத்தில் உடைந்தது. ஜெசிந்தா பாட்டை விட்டுவிட்டு ஸ்பீக்கரிடம் போய்க் குனிந்தாள்.

"வெக்கப்படாத மக்களே. இந்த வயசுல எல்லாப் பயலுவளுக்கும் வாறதுதான்."

ஸ்பீக்கருக்குக் காது இல்லை. அது அடுத்த அடிக்குப் போய்விட்டது.