இடது கண்

எடை குறைக்கும் நிலையத்தில் சனிக்கிழமைதோறும் வரிசையில் நின்று எடை பார்க்க வேண்டும். மூன்று மாதமாக வாயைக் கட்டியும் செண்பகவல்லிக்கு ஒரு கிலோகூட இறங்கவில்லை.

"உடம்பு வாகு ஜீன்ல வர்றது, அக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள் நர்ஸ்.

வாகு மட்டுமா, மூக்கும் காலமான அப்பா கொடுத்ததுதான். லாரியை விட்டு இறங்கியதும் அவர் வாசலிலேயே நின்று, மோவாயைத் தூக்கி, இடது கண்ணை மூடி, மூச்சை இழுப்பார். குழம்பில் பெருங்காயம் விட்டுப்போனதை அங்கிருந்தே சொல்லிவிடுவார்.

கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தும் பக்கத்துக் கடை பஜ்ஜி வாசம் உள்ளே வந்துவிட்டது. செண்பகவல்லி மோவாயைத் தூக்கி, இடது கண்ணை மூடி, இழுத்தாள்.

"மாவுல ஓமம் போடல."

அதே நொடியில், அதே வார்த்தையைப் பின்னாலிருந்தும் ஒரு குரல் சொன்னது.

திரும்பினாள். புதிதாகச் சேர்ந்தவள். ஏறக்குறைய இவள் வயது, இவள் பருமன். தூக்கிய மோவாய் இன்னும் இறங்கவில்லை. இடது கண் அப்போதுதான் மெல்லத் திறந்தது. செண்பகவல்லிக்கு எங்கிருந்தோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, உங்கப்பா லாரி ஓட்டுனாரா?"

"ஆமா. மாசத்துல பாதி நாள்தான் வீட்ல இருப்பாரு. ஏன் கேக்குறீங்க?"

செண்பகவல்லி அவள் கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தாள்.

"மீதிப் பாதி எங்க வீட்டுல இருந்தாரு. வா, ஓமம் இல்லாட்டிப் போகுது, ஆளுக்கு ரெண்டு பஜ்ஜி திம்போம்."