வாசனை இல்லாத சோப்பு

முப்பது வருஷத்தில் முதல் முறையாகத் தங்கப்பாண்டியன் மேல் பூண்டு வாசம் வரவில்லை.

அவர் மனைவி உமாதேவிக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது. வடுகபட்டியில் பூண்டு மண்டி வைத்திருக்கிற மனுஷன். வேட்டி, மீசை, தலையணை உறை எல்லாமே பூண்டு மணக்கும். அவர் இப்போது வாசனையே இல்லாத சோப்பைத் தேடி வாங்கிக் குளிக்கிறார். ரசத்தில் பூண்டு போடாதே என்கிறார். தோள் வலிக்குத் தைலம் தேய்க்கப் போனால், "வேணாம், மணக்கும்" என்று விலகுகிறார்.

மத்தியானம் மூணு மணிக்குக் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு.

ஐம்பத்தாறு வயதில் இதெல்லாம் எதற்கு அறிகுறி என்று எந்தப் பெண்டாட்டிக்கும் தெரியும். தம்பி சுருளிராஜனைக் கூப்பிட்டாள். மண்டியில் மச்சானுக்கு வலதுகை அவன்தான்.

"பத்து நாளா மதியத்துக்கு மேல மண்டிக்கே வரலக்கா. மாந்தோப்புக்குப் போறேன்னு சொன்னாக."

"தோப்புல இப்பக் காயும் இல்ல, பூவும் இல்ல. அங்கன யாருடா இருக்கா?"

"தெரியலக்கா. நாளைக்கே போய்ப் பாத்துருவோம்."

"அடுத்த வாரம் நான் அமெரிக்காவுக்குப் பிளேன் ஏறணும். இந்த மனுஷனை இப்படி விட்டுட்டு எப்படிடா போவேன்?" உமாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே மகள் மகிமாவுக்கு அங்கே பிரசவம். ஒரு வெள்ளைக்காரனைக் காதலித்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து தங்கப்பாண்டியன் மகளோடு பேச்சு இல்லை. உமாதேவி ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது டிவி சத்தத்தை மட்டும் குறைப்பார். விசாவுக்காகச் சென்னை வரை வந்தவர், மகள் ரெண்டு டிக்கெட் அனுப்பியதும் முறுக்கிக்கொண்டார்.

"நான் அங்கன வந்து அந்தப் பயகிட்ட என்னத்தப் பேச? நீ மட்டும் போ."

அதோடு சரி.

மறுநாள் அஞ்சு மணிக்கு அக்காவும் தம்பியும் பைக்கை வேலியோரம் நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் தோப்புக்குள் நுழைந்தார்கள்.

பெரிய மாமரத்தின் மேல் பலகையால் ஒரு பரண். அதில் தங்கப்பாண்டியன், பச்சைச் சட்டையில், தன்னந்தனியாக. கையில் ஒரு வில்.

உமாதேவிக்குப் போன உயிர் வந்தது. சுருளிக்கு இருந்த உயிர் போனது.

"அய்யோ மச்சான்! தோப்புக்கு வர்ற மானைத் தொட்டா ஜாமீன்கூடக் கிடைக்காது. எறங்குங்க!"

தங்கப்பாண்டியன் உதட்டில் விரலை வைத்தார். போனைக் காட்டினார். இன்னும் பத்து நிமிஷம் என்று பத்து விரலையும் விரித்தார்.

இருபது தப்படி தள்ளி, நாலு குச்சிக் கால்களோடு ஒரு சாக்கு மூட்டை நின்றது. உள்ளே மண்டியில் கழித்த பூண்டுத் தோல். ஆக, வேட்டைக்காரர் குளித்துவிட்டார், மான்தான் பூண்டு மணத்தது.

உமாதேவி அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். ஏலத்தில் இவர் குரல் கொடுத்தால் சந்தைக்கு வெளியே கட்டிய மாடு திரும்பிப் பார்க்கும். அந்த மனுஷன் இப்போது காதில் ஊர்ந்த எறும்பைக்கூடத் தட்டிவிடாமல் உட்கார்ந்திருந்தார்.

போனில் அலாரம் அடித்தது. தங்கப்பாண்டியன் ஒரு சிட்டிகை விபூதியை எடுத்துக் காற்றில் விட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். வில்லை இழுத்தார். அம்பு மூட்டைக்கு மேலே பறந்து வரப்பில் குத்தியது.

"இதோட எத்தனை அம்பு பட்டிருக்கு மச்சான்?"

"ஒண்ணும் படல." பெருமையாகவே சொன்னார். "ஆனா ரெண்டு மணி நேரம் முழுசா உக்காந்துட்டேன்ல? மொத நாளு பத்து நிமிசம் தாங்கல."

"ஏங்க, எந்த மானுக்கு இந்தப் பாடு? பாரஸ்ட்காரக வந்தா என்னங்க பண்றது?"

"இங்கன இல்லடி. அமெரிக்காவுல. அங்கன பர்மிட் வாங்கிட்டு வேட்டைக்குப் போகலாமாம். மகிமா போன்ல சொன்னாள்ல? மாப்பிள்ளை சனிக்கிழமையானா வில்லைத் தூக்கிக்கிட்டுப் பரணுக்குப் போயிருவாரு, வாசம் பட்டா மான் ஓடிரும்னு அன்னைக்குப் பூண்டுகூடத் தொட மாட்டாருன்னு."

உமாதேவி மரத்தடிக்கு நெருங்கி வந்தாள். மூன்று வருஷமாக 'அந்தப் பய' என்றே சொன்ன வாய், இன்று மாப்பிள்ளை என்கிறது.

"அப்ப... அந்த ரெண்டாவது டிக்கெட்டு?"

"ஏன், கேன்சல் பண்ணிட்டியா?" தங்கப்பாண்டியன் பதறிப்போனார்.

"இல்லங்க. அப்படியேதான் இருக்கு."

அவர் மூச்சு விட்டது கீழே வரை கேட்டது.

சுருளி மட்டும் விடுவதாக இல்லை. "அதெல்லாம் சரி மச்சான். நின்ன எடத்துல நிக்கிற மூட்டையே உங்களுக்கு மாட்டல. அங்க ஓடுற மானை எப்படி அடிப்பீக?"

"மானை எவன்டா அடிக்கப் போறான்? அது பாட்டுக்குப் போகட்டும்."

தங்கப்பாண்டியன் வில்லை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் வராது. அந்தப் பரண்லதான்டா, ரெண்டு பேரு தோளோடு தோள் ஒட்டி நாலு மணி நேரம் உக்காந்திருந்தாலும், ஒரு வார்த்தை பேசக் கூடாதாம்!"