பத்தாவது டிஸ்க்

"இதுக்குள்ள எவ்வளவும்மா கொள்ளும்?"

நல்லக்கண்ணு அந்த ஹார்ட் டிஸ்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து காலை முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் வந்திருந்தார். சலவைச் சட்டை. நகக்கண்ணில் மட்டும் வயல் சேறு போகவில்லை.

கவுண்டரில் நின்ற அஃப்ரீனுக்கு அவரை விட்டால் இன்று வேறு கதி இல்லை. மாதம் பத்து டிஸ்க் விற்றால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சித்தீக் பாய் கறாராகச் சொல்லியிருந்தார். உலகமே ஆன்லைனில் வாங்குகிற காலத்தில் கடையில் வைத்துப் பத்து விற்பது லேசுப்பட்ட காரியமா? தலைகீழாக நின்று ஒன்பது விற்றுவிட்டாள். இன்று மாதக் கடைசி. அவள் வாப்பா குவைத்தில் வேலை போய் ஊர் திரும்பி நாலு மாதம் ஆகிறது. வீடு இப்போது இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

"பாட்டு மட்டும் போட்டு வச்சீங்கன்னா, ராவும் பகலும் விடாம கேட்டாலும் ஒண்ணரை வருஷத்துக்கு மேல ஓடும்யா" என்றாள்.

பெரியவர் டிஸ்கை முட்டையை வைப்பதுபோல் கவுண்டரில் வைத்தார். தன்னிடம் நாலாயிரம்தான் இருக்கிறது, அதற்குள் நல்லதாக ஒன்று வேண்டும் என்றார். அஃப்ரீன் மூன்றை எடுத்துப் பரப்பினாள். ஒன்று விலை குறைவு, கொள்ளளவும் பாதி. இரண்டாவது நாலாயிரத்துக்குள் அடங்கிவிடும், நிறையக் கொள்ளும். மூன்றாவதும் அதே விலைதான். கொஞ்சமாகத்தான் கொள்ளும், ஆனால் வேகம் அதிகம், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் உள்ளே சுற்றுகிற பாகம் எதுவுமே கிடையாது.

"சுத்தாதா? அப்ப அது வேணாம்" என்றார் பட்டென்று.

மனுஷருக்கு விஷயம் புரியவில்லை போலிருக்கிறது என்று அஃப்ரீன் நினைத்துக்கொண்டாள். சுற்றுகிறதுதான் சீக்கிரம் கெடும் என்று எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அவர் மசியவில்லை. சுற்றுகிற டிஸ்கில் என்னதான் சுற்றுகிறது, அதைச் சொல் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை அவளும் ஒப்பித்தாள். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு தட்டு இருக்கும். நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதன் மேல் ஊசி மாதிரி ஒன்று போய்ப் போய் எழுதும், படிக்கும். ஆனால் தட்டின் மேல் படாது.

"படாமலா?"

"ஆமாய்யா. ஒரு தலைமுடியை ஆயிரமா வகிர்ந்தா ஒரு இழை வரும்ல, அதைவிட கம்மி இடைவெளிதான். பட்டுச்சுன்னா எல்லாம் போச்சு. படாமலே வருஷக்கணக்கா ஓடும்."

பெரியவர் கவுண்டரில் கிடந்த டிஸ்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த இடத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னாள். மறுபடியும் கேட்டார். மூன்றாம் தரம் சொல்லும்போது அஃப்ரீனுக்கே உடம்பு சிலிர்த்தது. ஒன்பது டிஸ்க் விற்றவளுக்கு, தான் எதை விற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. எப்பேர்ப்பட்ட வேலை இது. அப்படி ஓட வைக்கிறவர்களின் மூளை எப்படிப்பட்டதாக இருக்கும் என்று அவர் மெல்லக் கேட்டார். அதெல்லாம் வெளிநாட்டில் பெரிய பெரிய இன்ஜினியர்கள் செய்வது, நாம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்றாள் இவள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஒருவழியாகச் சுற்றுகிற டிஸ்க்தான் என்று முடிவாயிற்று. பணத்தை எடுத்து நீட்டினார். பத்தாவது டிஸ்க். அஃப்ரீனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பில் போட உட்கார்ந்தவள், எந்த ஒயர் தருவது என்று பார்ப்பதற்காக, வீட்டில் என்ன கம்ப்யூட்டர் என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டரா? அதெல்லாம் இல்லம்மா."

டிவியில் மாட்டப் போகிறாரா என்றால், இருப்பது கவர்மெண்ட் கொடுத்த பழைய டிவி. போன் என்றால், பட்டன் போன்.

அஃப்ரீனின் விரல் கீபோர்டில் அப்படியே நின்றது. சித்தீக் பாய் அந்தக் கோடியில் யாருடனோ போனில் இருந்தார். பேசாமல் பில்லைக் கிழித்துக் கொடுத்தால் வேலை கைக்கு வந்துவிடும். இவர் ஊருக்குப் போய் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு விழிப்பார், அவ்வளவுதான். யாருக்குத் தெரியப்போகிறது? வீட்டில் வாப்பா சும்மா உட்கார்ந்திருக்கிற முகம் கண்ணில் வந்து நின்றது. ஆனாலும் எதிரில் இருக்கும் மனிதரை ஏமாற்ற மனசு வரவில்லை. பணத்தை அவர் பக்கமே நகர்த்தினாள்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. கம்ப்யூட்டர் இல்லாம இது வெறும் டப்பாதான். ஒரு பாட்டுகூடக் கேக்க முடியாது. கஷ்டப்பட்ட காசு, வீணாக்காதீங்க."

நல்லக்கண்ணு பணத்தைத் திரும்ப அவள் பக்கமே தள்ளினார்.

"தெரியும்மா. என் பொண்ணு எழில்மொழி தாய்லாந்துல இந்தச் சுத்துற டிஸ்கைச் செய்யுற கம்பெனியிலதான் இன்ஜினியரு. தன்னோட வேலை என்னன்னு நாலு வருஷமா போன்ல சொல்லுது, எனக்கு மண்டையில ஏறல. இன்னைக்கு நீ சொல்லித்தான் ஏறுச்சு. பில்லைப் போடும்மா, நடவுக்குப் போயிருக்கா அவ அம்மா, வந்ததும் கையில குடுத்துக் காட்டணும்."